ஃபெலோஷிப்பும் நோபல் பட்டியலும்: ஒரு போஸ்ட்டாக்கின் அனுபவம்

ஆராய்ச்சி ஃபெலோஷிப் தரும் பெரிய அமைப்புகளின் கையேட்டைப் புரட்டினால் ஒரு வரி கண்ணில் படாமல் போகாது: எங்களிடம் உதவி பெற்றவர்களில் இத்தனை பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஐம்பதுக்கு மேல் என்கிறது. அமெரிக்காவின் குகன்ஹைம் அறக்கட்டளை நூற்றுக்கு மேல் என்கிறது. பெங்களூரில் பிஎச்.டி. முடியும் நேரத்தில், அடுத்து போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளராக, எங்கே போவது என்ற கவலையில் எங்கள் லேபில் எல்லோரும் இந்த எண்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

அப்புறம் ஹம்போல்ட் ஃபெலோஷிப் கிடைத்து ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரத்துக்குப் போனேன். இப்போது திரும்பி வந்து எனக்கென்று நாலைந்து மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் டீக்கடையில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே கொஞ்சம் கோர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். ஹம்போல்ட் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. ஏற்கெனவே பெயர் வாங்கிய மூத்தவர்களுக்குத் தனியாக ஆராய்ச்சி விருதும் தருகிறது. பட்டியலில் இரண்டு வகையினரும் சேர்ந்தே இருக்கிறார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதில் விருது கொடுத்து, அறுபதில் அவருக்கு நோபல் வந்தால், அதில் இருபத்தெட்டு வயதுக்காரர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்னொரு சிக்கல், இடைவெளி. இந்திய அரசின் உதவித்தொகையில் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தப் பயணத்தில் போட்டுப் பார்த்த கணக்கிலிருந்து தொடங்கிய வேலைக்கு நோபல் வந்தது 1983-ல். உதவித்தொகைக்கும் பரிசுக்கும் நடுவில் ஒரு முழு ஆயுள் உழைப்பு கிடக்கிறது.

ஆனாலும் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். யார் வாங்கினார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த ஒன்றிரண்டு வருடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நான் படித்த வரையில் பலரிடம் ஒரே குணம் தெரிகிறது. தெரிந்ததைத் தொடரப் போகவில்லை. தெரியாத ஒரு கைவேலையைக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார்கள்.

எனக்கு இதை உறைக்க வைத்தவர் ஜெர்மன் உயிரியலாளர் கிறிஸ்டியானே ந்யூஸ்லைன்-ஃபோல்ஹார்ட். ட்யூபிங்கனில் 1973-ல் பிஎச்.டி. முடித்தவர். வைரஸ், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று சோதனைக்குழாய் உயிர்வேதியியல்தான் அவர் துறை. நல்ல துறை, அன்றைக்கு மவுசும் இருந்தது. அதைத் தொடர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1975-ல் எம்போ என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் நீண்டகால ஃபெலோஷிப்பை வாங்கிக்கொண்டு ஸ்விட்சர்லாந்தின் பாசலுக்கு, வால்டர் கெரிங்கின் லேபுக்குப் போனார். அங்கே இருந்தவை பழ ஈக்கள். ஈயை வளர்ப்பது, கலப்பது, கருவைப் பிரித்துப் பார்ப்பது எல்லாமே அவருக்குப் புதிது. அந்த லேபில்தான் எரிக் வீஷாஸைச் சந்தித்தார். 1978-ல் இருவருக்கும் ஹைடெல்பெர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லேப். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஒரு மைக்ராஸ்கோப்பின் இரு பக்கமும் உட்கார்ந்து, சடுதிமாற்றம் அடைந்த ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்களின் புழுக்களைப் பார்த்தார்கள். புழுவின் தோலில் பட்டை பட்டையாகச் சின்ன முட்கள் இருக்கும். எந்தப் பட்டை காணோம், எது இரட்டித்திருக்கிறது என்பதை வைத்து, உடலைத் துண்டு துண்டான பகுதிகளாக வகுக்கும் மரபணுக்களைப் பிரித்தார்கள். 1980-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் அப்படிப்பட்டவை பதினைந்து. 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து மூவருக்கும் நோபல்.

எம்போ தன் முன்னாள் ஃபெலோ என்று பெருமைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஃபெலோஷிப் காலத்தில் பரிசுக்குரிய வேலை நடக்கவில்லை. அப்போது நடந்தது ஈயோடு பழகியதும், சரியான ஆளைச் சந்தித்ததும்தான். இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம் ஊரில் ஃபெலோஷிப் முடிவதற்குள் எத்தனை பேப்பர் என்பதுதான் ஒரே கேள்வி.

வெங்கி ராமகிருஷ்ணன் கதையும் இதே தினுசு. சிதம்பரத்தில் பிறந்து வடோதராவில் வளர்ந்தவர் என்பதால் 2009-ல் நோபல் வந்தபோது நம் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. இயற்பியலில் பிஎச்.டி. முடித்த கையோடு உயிரியலில் மறுபடி மாணவராகச் சேர்ந்ததைப் பலர் எழுதினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1991. அப்போது அவர் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் நிலையான வேலையில் இருக்கிறார், நாற்பதை நெருங்கும் வயது. குகன்ஹைம் ஃபெலோஷிப்பில் ஒரு வருடம் கேம்பிரிட்ஜின் எம்.ஆர்.சி. ஆய்வகத்துக்குப் போய் எக்ஸ்ரே படிகவியல் கற்றுக்கொள்கிறார், அதாவது படிகமாக்கிய மூலக்கூறில் எக்ஸ்ரே பாய்ச்சி அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பல வருடமாக வேறு வழிகளில் துருவிக்கொண்டிருந்தவர். எடுத்த எடுப்பில் அந்த மலையில் கை வைக்காமல், ஹிஸ்டோன் எச்5 என்ற சின்னப் புரதத்தின் ஒரு பகுதியில் கைபழகினார். அதன் அமைப்பு 1993-ல் வெளிவந்தது. ரைபோசோமின் சிறு பாதியின் அமைப்பு 2000-ல். இடையில், 1999-ல், அமெரிக்காவில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். இந்தக் கடைசித் தகவலைச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும், சொல்லிப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிஎச்.டி.யில் பாக்டீரியாவின் ஒரு நொதியைச் சுத்தப்படுத்தி அதன் வேகத்தை அளந்துகொண்டிருந்தேன். ஹம்போல்டுக்கு ஆராய்ச்சித் திட்டம் ஐந்து பக்கத்துக்குள் எழுத வேண்டும். என் முதல் வரைவு, அதே நொதியின் அடுத்த மூன்று சோதனைகள். அதைப் படித்த சீனியர் அக்கா ஒருவர், "இதை இங்கேயே செய்யலாமே, அங்கே போய் எதற்கு?" என்று கேட்டார். ஜெர்மனியில் ஹோஸ்ட்டும், அதாவது என்னைத் தன் லேபில் சேர்த்துக்கொள்ளவிருந்த பேராசிரியரும், கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. கடைசியில் எழுதிய திட்டம் வேறு: அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதி உயிருள்ள ஈக் கருவில் எங்கே, எப்போது வேலை செய்கிறது என்று, தாள் போல மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சும் ஒளித்தாள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அந்த வகை மைக்ராஸ்கோப் உயிரியலுக்குள் பரவலாக நுழைந்ததற்கு ஹைடெல்பெர்க்கில் 2004 வாக்கில் நடந்த வேலை ஒரு பெரிய காரணம். ஆகவே "ஏன் இந்த ஊர்" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. பாதி தெரிந்தது, பாதி தெரியாதது. திட்டத்தில் இந்த விகிதம் இருந்தால் தேர்வுக் குழுவுக்கு நம்பிக்கையும் வரும், காரணமும் புரியும்.

ஹம்போல்டில் நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. நான் அனுப்பியபோது கடைசித் தேதி என்றும் ஒன்று இல்லை, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றிருந்தது, குழு வருடத்தில் சில முறை கூடும். கேட்க வசதியாக இருக்கிறது, ஆனால் கடைசித் தேதி இல்லாத விண்ணப்பத்தை நாம் முடிப்பதே இல்லை. நாமே ஒரு தேதி வைத்துக்கொண்டு கைடிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் தீசிஸ் எழுதும்போதே அனுப்பும் வேலையைத் தொடங்குவது நல்லது. இதே நேரத்தில் நான் விண்ணப்பித்த வேறொரு அமைப்பு இரண்டு வரியில் மறுத்து அனுப்பியது, காரணம் எதுவும் இல்லை. பெரும்பாலான மறுப்புகள் அப்படித்தான் இருக்கும், அதில் நம் வேலையைப் பற்றிய தீர்ப்பைத் தேடி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. கடின உழைப்பாளி, நேர்மையானவர், நல்ல நடத்தை உள்ளவர், வாழ்த்துகள். ஒரு பள்ளி மாறுதல் சான்றிதழுக்கு இது போதும். இதற்கு மருந்தாக 1913-ல் ஒரு கடிதம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்காக, இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. வாக்கரே கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர். ராமானுஜனின் வேலை, சொந்தச் சிந்தனையில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவின் வேலைக்கு ஈடாகத் தெரிகிறது என்று எழுதினார். கூடவே, முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அதில் முழுமையும் துல்லியமும் இன்னும் வரவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். தனக்குத் தெரிந்த ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டார், குறையையும் சொன்னார். அதனாலேயே புகழ்ச்சி எடுபட்டது. எம்.ஏ. பட்டம் வேண்டும் என்ற விதியைத் தாண்டி, மாதம் 75 ரூபாய், இரண்டு வருடம் என்று ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தால் போதும், வேறு வேலை எதுவும் இல்லை. இன்றைக்கு நம் ஃபெலோஷிப்புகளோடு வரும் படிவங்களைப் பார்க்கும்போது இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

ஆகவே கடிதம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என் கைடிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அவருக்கே மறந்துபோயிருந்த ஒரு சம்பவம் அதில் இருந்தது. குளிர் அறையின் கம்ப்ரசர் நின்று, மூன்று வார நொதி வீணான பிறகு, வெப்பத்தில் கெட்ட நொதியும் கெடாத நொதியும் எப்படி வேறுபடுகின்றன என்று அளந்து, அதையே தீசிஸில் ஓர் அத்தியாயமாக்கியது. "இதை எழுதலாமே" என்று சார் சிரித்தார், எழுதவும் செய்தார். ஜெர்மனியில் ஹோஸ்ட் முதல் வாரமே என்னிடம் விசாரித்தது அந்தக் கம்ப்ரசரைப் பற்றித்தான்.

ஹோஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு. அங்கே இப்போது இருப்பவர்களைக் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள், முதலாளி பக்கத்து அறையில் இருக்கிறார். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் அந்த லேபை விட்டுப் போனவர்களைத் தேடி எழுதுங்கள். எத்தனை பேருக்குச் சொந்த லேப் கிடைத்தது, போகும்போது ஆராய்ச்சிப் பிரச்சினையைத் தங்களோடு எடுத்துப் போக விட்டார்களா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பார்க்கலாம். ஒருவர் எனக்குப் பதிலே எழுதவில்லை. இன்னொருவர் "போனில் பேசலாம்" என்றார், பேசியதில் ஒரு லேப் என் பட்டியலிலிருந்து போய்விட்டது.

ஹோஸ்ட்டுக்கு எழுதும் முதல் மெயில் நீளமாக வேண்டாம். "ரெஸ்பெக்டெட் சார்" வேண்டாம், அவருடைய முப்பது வருடப் பெருமையைப் பாட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் எழுந்த கேள்வியையும் அதற்கு நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்பதையும் எழுதினால் போதும். அங்கே போன பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சார், மேடம் என்று பழகிய வாய்க்கு அது வரவே வராது. கொஞ்ச காலம் பெயரே சொல்லாமல் "ஹலோ" என்று ஓட்டினேன், எல்லா இந்தியர்களும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஹம்போல்டில் ஆராய்ச்சி தொடங்குமுன் ஜெர்மன் மொழி வகுப்புக்கும் பணம் தருகிறார்கள், கணவன் அல்லது மனைவிக்கும் சேர்த்து. நம்மவர்கள் பலர், லேபில் எல்லோரும் ஆங்கிலம்தானே என்று அதை வேண்டாம் என்கிறார்கள். நான் போனேன். ஈ வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெறப் போகும் ஒரு டெக்னீஷியன் அம்மா, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். காலையில் ஈக் கூண்டின் அடித்தட்டை மாற்றுவதில் நாள் தொடங்கும். ஆப்பிள் சாறு கலந்த அகார் தட்டு, நடுவில் சின்னதாக ஈஸ்ட் பசை. பெண் ஈ அந்த வாசனைக்கு வந்து முட்டையிடும். மணிக்கு ஒரு தட்டு என்று மாற்றினால் முட்டைகள் ஏறக்குறைய ஒரே வயதில் கிடைக்கும். பிரஷால் வழித்து, சல்லடையில் சேர்த்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ப்ளீச்சில் ஓரிரு நிமிடம் வைத்தால் மேல்தோடு கரையும். நான் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அதை வாங்கி மேசையில் கவிழ்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். முட்டையின் ஒரு முனையில் கொம்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அவை மறைந்த உடனே தண்ணீரில் அலச வேண்டும், அவ்வளவுதான் அளவு. ப்ளீச் பழசானால் நேரம் கூடும், புதுசானால் குறையும், கடிகாரத்துக்கு அது தெரியாது என்று ஜெர்மனில் சொன்னார். அரை மில்லிமீட்டர் கருவைச் சாகடிக்காமல் வரிசையில் ஒட்ட எனக்கு முதல் குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. அந்தச் சமயத்தில் காட்ட ஒரு படம்கூட இல்லை. ஊரிலிருந்து போன் செய்பவர்களிடம் "போகுது" என்று மட்டும் சொல்வேன்.

பண விஷயம். முதல் ஸ்டைபண்ட் வருமுன்னே கையிலிருந்து போகும் பணத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டு டெபாசிட் சட்டப்படி அடிப்படை வாடகையில் மூன்று மாதம்வரை கேட்கலாம், பெரும்பாலும் கேட்பார்கள். முகவரியை நகராட்சியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும், அதனால் தற்காலிக அறை எடுக்கும்போதே அந்தப் படிவம் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்த அன்றே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்பிவையுங்கள். என் டெபாசிட்டில் ஒரு பகுதியை, எனக்கு முன்பே இருந்த தரைக்கீறலைக் காட்டி வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். படங்கள் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

இதைவிடப் பெரியது ஒன்று. ஜெர்மனியில் ஸ்டைபண்ட் வேறு, வேலை ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தத்தில் இருந்தால் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். ஸ்டைபண்டில் இவை கிடையாது, மருத்துவக் காப்பீட்டையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஃபெலோஷிப் முடிந்து அடுத்த வேலை கிடைக்க நாலு மாதம் ஆனால், அந்த நாலு மாதத்துக்கு வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் வராது. முடிவதற்குச் சில மாதம் முன்பே, கொஞ்ச காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுப்பீர்களா என்று ஹோஸ்ட்டிடம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். வீட்டில் கல்விக் கடன் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், நோபல் பேச்செல்லாம் அப்புறம்.

அங்கே ஒரு தோழி, இரண்டு வயதுக் குழந்தையோடு பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு ந்யூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் பெயரில் உள்ள அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. நோபல் வாங்கிய பிறகு, 2004-ல் அவர் தொடங்கியது. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும், குழந்தை உள்ள இளம் பெண்களுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று பணம் தருகிறார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சோதனைக்கான பணத்தைப் பல இடத்தில் கேட்கலாம், பாத்திரம் கழுவுவதற்கான பணத்தை யாரிடம் கேட்பது என்று அவள் அடிக்கடி சொல்வாள். சனிக்கிழமை மதியங்களில் அவள் லேபில் இருக்க முடிந்தது இந்தப் பணத்தால்தான். நம் ஊரிலிருந்து ஜெர்மனி போகும் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நான் தொடங்கிய பிரச்சினையில் பாதியை என்னோடு எடுத்து வந்துவிட்டேன், ஹோஸ்ட் விட்டுக்கொடுத்தார். இங்கே என் லேபில் ஒளித்தாள் மைக்ராஸ்கோப் இல்லை. ஆனால் ஹம்போல்ட் ஃபெலோவாக ஒரு முறை இருந்துவிட்டால், பின்னால் சில மாதங்களுக்குத் திரும்பிப் போய் வேலை செய்ய விண்ணப்பிக்கும் வசதி உண்டு. படம் எடுக்கும் வேலையை அதற்காகச் சேர்த்து வைக்கிறேன்.

எம்.எஸ்சி. படிப்பவர்கள் இவ்வளவு தூரம் படித்திருந்தால் ஒரு விஷயம். வெளிநாட்டைப் பற்றி யோசிக்கும் முன், நம் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். எட்டு வாரம், வேறு ஊர், வேறு லேப், செலவுக்குப் பணம். ஒரு பக்கத் திட்டம் கேட்பார்கள், அதை உங்கள் கல்லூரியில் இல்லாத ஒரு கருவியை வைத்து எழுதுங்கள். வழக்கமாக முந்தைய வருடத்தின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். பொங்கல் லீவில் நினைவு வந்து கேட்பவர்களுக்கு, அடுத்த வருடம்தான்.